சிட்னி ஒலிம்பிக் இணையத்தளமும் பார்வையற்ற ஒருவரின் வழக்கும்

கண்ணில்லாதவர் ஒருவர் ஓர் இணையத்தளத்தை எவ்வாறு படிக்கிறார் என்னும் வினா, 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வழக்காக எழுந்தது. வழக்கைத் தொடுத்தவர் புரூஸ் மக்குவயர் என்பவர். பிறவியிலேயே பார்வையற்றவரான அவர் கணினியைத் திறம்படக் கையாளக்கூடியவர். திரையில் வரும் எழுத்துகளை அவருடைய கருவி பிரெயில் புள்ளிகளாக மாற்றும். சிறு முனைகள் மேலெழும்பியும் தாழ்ந்தும் நிற்க, விரலால் தடவி அவர் படிப்பார்.

இக்கருவி எழுத்தை மட்டுமே அறியும், படத்தை அறியாது. ஆதலால் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால், அது இன்னது என உரைக்கும் சொற்களைப் பக்கத்தை அமைப்போர் எழுதி வைத்தல் வேண்டும். பார்வையுள்ளோர் கண்ணுக்கு அச்சொற்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. எழுதாது விட்டாலோ, பார்வையற்றவருக்கு அவ்விடம் வெற்றிடமே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே திங்களில் வெளியிட்ட 14 நெறிகளுள் முதலாவது நெறி இதுவேயாகும்.

சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தளத்தில் பல படங்களுக்கு இத்தகைய சொற்கள் இல்லை. நிகழ்ச்சி நிரலிலிருந்து விளையாட்டுகளின் அட்டவணைக்குச் செல்லவும் அவருக்கு வழியில்லை. போட்டி முடிவுகளின் பட்டியல்களும் எட்டாதிருந்தன. 1999 ஜூன் திங்களில் அவர் மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். உடற்குறையுடையோரை வேற்றுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே அவருக்குத் துணை.

குழுவின் மறுமொழிகள் நோக்கத்தக்கன. ஒவ்வொரு விளையாட்டின் முகவரியையும் அவரே தட்டச்சு செய்து உள்ளே போகலாம் என்பது ஒன்று. முன்வாசலைப் பூட்டிவிட்டு, வேண்டுமானால் சுவரேறி வாருங்கள் என்று விருந்தினரிடம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தளத்தைத் திருத்த ஒருவர் 368 நாள் உழைக்கவேண்டும், ஏறத்தாழ 22 இலட்சம் வெள்ளி செலவாகும் என்பது மற்றொன்று. முடிவுகளுக்கான பட்டியல் வார்ப்புகள் மட்டும் 1,295 என்றும் கணக்குக் காட்டினர்.

மக்குவயரின் சார்பில் சான்று பகர்ந்த வல்லுநர் டாம் வொர்த்திங்டனும் யுட்டா டிரெவிரானசும் இக்கணக்கை ஏற்கவில்லை. வார்ப்புகள் அவ்வளவு இரா. சிறு குழுவொன்று நான்கு வாரங்களில் முடிக்கக்கூடிய வேலையே இது என்றனர். நெறிகள் முன்னரே வெளிவந்திருந்ததையும் கருதினால், தளத்தை அமைக்கும்போதே செய்திருக்கவேண்டிய பணியைப் பிற்பாடு மலையாகக் காட்டினர் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

தாங்கொணாச் சுமை என நிறுவினால் விலக்குப் பெறலாம் என்பது அச்சட்டத்தின் விதி. விசாரணை ஆணையர் வில்லியம் கார்ட்டர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்ட் 24-ஆம் நாள் தீர்ப்பளித்த அவர், செப்டம்பர் 15-ஆம் நாளுக்குள் குறைகளைக் களையுமாறு பணித்தார். ஒலிம்பிக் விழா தொடங்கிய நாளும் அதுவே.

தளம் ஓரளவே திருந்தியது. பட்டியல்கள் அவருக்கு எட்டவேயில்லை. விழா முடிந்து ஒரு திங்கள் கழிந்தபின், நவம்பரில், குழு அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய வெள்ளி நட்டஈடு தரவேண்டுமென ஆணையம் விதித்தது.