இயந்திர மின்னணுவியல் பொறியியல் இளநிலைக் கல்வி

இயந்திர மின்னணுவியல் பொறியியல் அல்லது மெக்கட்ரானிக்ஸ் என்பது இயந்திரவியல், மின்னணுவியல் (இலங்கை வழக்கு: இலத்திரனியல்), கணினியியல், கட்டுப்பாட்டியல் ஆகிய நான்கு துறைகளையும் ஒருங்கிணைத்து, தானாக இயங்கும் கருவிகளை வடிவமைக்கும் பொறியியல் பிரிவு ஆகும். பல நாடுகளில் இது நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. தொழிற்சாலை ரோபோக்கள், தானுந்துகளின் பூட்டா நிறுத்தி அமைப்பு, கணினி வன்தட்டு, முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவை இத்துறை சார்ந்த கருவிகளுக்கு எடுத்துக்காட்டுகள்.

பெயர்

மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல்லை 1969ஆம் ஆண்டு யப்பானின் யாசுகாவா மின்சார நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர் டெட்சுரோ மோரி உருவாக்கினார். நிறுவனம் இதனைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்து வைத்திருந்தது. 1982இல் அவ்வுரிமையைக் கைவிட்டதால் இச்சொல் பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது.

பாடங்கள்

பாடத்திட்டங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடினும், பின்வருவன பெரும்பாலும் இடம்பெறும்.

* கணிதம்: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள்
* இயந்திரவியல்: நிலையியல், இயக்கவியல், பொருள்களின் வலிமை, இயந்திர உறுப்பு வடிவமைப்பு
* மின்னணுவியல்: மின்சுற்றுகள், எண்ணிமச் சுற்றுகள், உணரிகள், மோட்டார்கள்
* கணினியியல்: நிரலாக்கம், நுண்கட்டுப்படுத்திகள், நிகழ்நேர இயங்குதளங்கள்
* கட்டுப்பாட்டியல்: பின்னூட்டு, நிலைப்புத்தன்மை, எண்ணிமக் கட்டுப்பாடு

ஒருங்கிணைப்பு

மேற்கண்ட பாடங்களைத் தனித்தனியே கற்பதால் மட்டும் ஒருவர் இத்துறையில் தேர்ச்சி பெற்றுவிட இயலாது. ஒரு துறையில் எடுக்கும் முடிவு பிற துறைகளில் ஏற்படுத்தும் விளைவை அறிவதே இக்கல்வியின் மையம் எனலாம். மோட்டார் ஒன்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆய்வகப் பயிற்சி இதனைத் தெளிவாக விளக்கும்.

ஒரு சுற்றுக்கு 360 துடிப்புகள் தரும் சுழற்சி உணரி ஒரு தண்டில் பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். தண்டு நொடிக்கு 10 சுற்றுகள் சுழன்றால், நொடிக்கு 3600 துடிப்புகள் கிடைக்கும். நிரல் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிப்புகளை எண்ணினால் 36 கிடைக்கும். ஒரு துடிப்பு கூடினாலோ குறைந்தாலோ ஏற்படும் பிழை ஏறத்தாழ 3 விழுக்காடே. கட்டுப்பாடு விரைவாக அமைய வேண்டும் என்று ஒவ்வொரு மில்லிநொடியும் எண்ணினால், 3 அல்லது 4 துடிப்புகளே கிடைக்கும். அப்போது உண்மை வேகம் மாறாதபோதும், கணிக்கப்படும் வேகம் 8.3 சுற்றுக்கும் 11.1 சுற்றுக்கும் இடையே தாவும். மோட்டார் அதிரத் தொடங்கும்.

நிரலில் பிழை இல்லை. உணரியிலும் பழுது இல்லை. தீர்வைப் பல திசைகளில் தேடலாம். அளவீட்டை மென்பொருள் வடிகட்டியால் சீராக்கலாம். ஆனால் அதனால் காலத்தாழ்வு ஏற்படும். துடிப்புகளை எண்ணுவதற்கு மாறாக, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். 20க்கு 1 என்ற விகிதப் பற்சக்கரத் தொகுதி இருந்தால், உணரியை மோட்டார் பக்கத்துத் தண்டுக்கு மாற்றி 20 மடங்கு துடிப்புகளைப் பெறலாம். ஆனால் பற்களுக்கு இடையிலான தளர்வை அவ்வுணரி அறியாது. இவற்றுள் ஏற்றதைத் தெரிவு செய்யும் திறனே மாணவரிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

வாட்டர்லூ பல்கலைக்கழகம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே, படிப்பையும் ஊதியத்துடன் கூடிய பணியையும் மாறிமாறி அமைக்கும் கோ-ஆப் முறையை மேற்கொண்டது. இங்கு இயந்திர மின்னணுவியல் பொறியியல் படிப்பு, நான்கு மாதம் கொண்ட எட்டுக் கல்விப் பருவங்களையும் ஆறு பணிப் பருவங்களையும் உடையது. எனவே பட்டம் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டு எட்டு மாதங்கள் ஆகும். பணிப் பருவங்களுக்கான வேலையை மாணவரே விண்ணப்பித்து, நேர்காணலில் வென்று பெற வேண்டும். இறுதி ஆண்டில் மாணவர்கள் குழுவாக ஒரு கருவியை வடிவமைத்துச் செய்து காட்டுகின்றனர்.

நிறைகளும் குறைகளும்

இப்பட்டதாரிகள் பல துறைப் பொறியாளர்களின் மொழியை அறிந்திருப்பதால், குழுக்களை இணைத்துச் செயற்படும் பணிகளுக்குப் பொருத்தமானவர்கள். தானுந்து, மருத்துவக் கருவி, பொதிகட்டும் இயந்திரம், தொழிற்சாலைத் தானியக்கம் முதலிய தொழில்துறைகளில் பணி பெறுகின்றனர்.

எனினும், பரப்பு மிகும்போது ஆழம் குறையலாம் என்ற விமர்சனம் உண்டு. வெப்ப இயக்கவியல், மின்காந்தவியல் போன்ற பாடங்கள் சில பாடத்திட்டங்களில் சுருக்கமாகவே அமைகின்றன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பல கல்லூரிகளில் இப்படிப்பு உண்டு. ஆயினும், இந்தியாவில் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் இத்துறைக்கெனத் தனித் தாள் இல்லை. மாணவர்கள் இயந்திரவியல், கருவியியல் போன்ற பிற துறைத் தாள்களையே எழுத வேண்டும்.

எனவே மூன்றாம் ஆண்டிற்குள் ஏதேனும் ஒரு துறையை ஆழ்ந்து கற்கத் தெரிவு செய்வது மாணவருக்கு நன்று. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடங்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டிலும், மாணவர்கள் தம் கையால் கருவிகளைச் செய்து இயக்கிப் பார்க்க எத்தனை பருவங்களில் வாய்ப்பு உள்ளது என்பதைக் கேட்டறிவது பயன் தரும்.

இவற்றையும் பார்க்க

* இயந்திரப் பொறியியல்
* கட்டுப்பாட்டியல்
* ரோபோவியல்
* நுண்கட்டுப்படுத்தி