கைப்பின்னற் போர்வையின் கதை

தில்லியில் மார்கழி பிறந்துவிட்டால், வெயில் காய மாடியேறும் நம் குடியிருப்பு மாதரின் கைகளில் இரண்டு ஊசிகளையும் ஒரு நூற்பந்தையும் காணலாம். நம்மவர் பலர் இக்கலையை அண்டை வீட்டுப் பஞ்சாபி அன்னையரிடமே பயின்றனர். கம்பளி நூலை அவர்கள் ‘ஊன்’ என்றபோது மரக்கறி உணவினரான நம் பாட்டிமார் திடுக்கிட்டதையும், ‘சீதா, உல்டா’ என்னும் பாடத்தில் சீதாப்பிராட்டி எங்ஙனம் வந்தாள் என வியந்ததையும் நாம் இன்றும் நகைத்து நினைவுகூர்கின்றோம்.

இக்கலையின் இலக்கணம் அவ்விரு சொற்களே. ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியை இழுப்பது பின்னல். சீதாவின் மறுபுறமே உல்டா. ஐந்து சீதா, ஐந்து உல்டா எனப் பின்னி, சில வரிசைகள் கழித்து இடம் மாற்றினால், கூடை முடைந்தாற்போன்ற கட்டங்கள் போர்வையில் புடைத்தெழும். அம்மேடு பள்ளங்களில் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கின்றது.

தறியில் நெய்யும் கம்பளி நமக்குப் பழமையானது. ஊசிப் பின்னலோ வயதில் இளையது. எகிப்து நாட்டில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைத் துண்டுகள் ஏறத்தாழ ஆயிரமாண்டுப் பழமையுடையன. 1562-இல் மறைந்த பிளாரன்சுக் கோமாட்டி எலியனோராவுடன் அடக்கஞ்செய்த பட்டுக் காலுறைகளில் உல்டாக் கண்ணிகள் உள்ளன. அக்கண்ணிக்குக் கிடைத்துள்ள பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று.

இது மகளிர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஐரோப்பியத் தொழிற்குழுக்களின் வரலாற்றை அறிதல் நன்று. அக்குழுக்களில் பின்னல் பெரும்பாலும் ஆடவர் தொழில். அல்சேசு வட்டாரத்தில், ஆசான் பட்டம் வேண்டியவன் தன் திறத்தைக் காட்டப் பூவேலை மிகுந்த பெருவிரிப்பு ஒன்றைப் பின்னியாக வேண்டும். 1781-ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய விரிப்பொன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கையை வெல்ல வந்தது எந்திரம். இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்னும் சிற்றூரைச் சார்ந்த வில்லியம் லீ, 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கைப்பின்னலால் வயிறு வளர்க்கும் ஏழைகள் இரந்துண்ண நேருமென அஞ்சி எலிசபெத்து அரசியார் உரிமை வழங்க மறுத்தார் என்பது வழிவழிச் செய்தி. லீ பிரான்சு சென்றார். ஆதரித்த நான்காம் என்றி மன்னர் 1610-இல் கொலையுண்டார். லீயும் வறுமையுற்று அந்நாட்டிலேயே மறைந்தார். ஆயினும் பொறி மறையவில்லை. 1759-இல் செடிடயா இசுட்ரட்டு, உல்டாக் கண்ணியும் பொறியில் அமையுமாறு செய்தார். 1811-இல் நாட்டிங்காம் வட்டாரத்தில் அப்பொறியை இயக்கிய தொழிலாளரே, கூலி குறைந்ததையும் மட்டச் சரக்கு மலிந்ததையும் பொறாது பொறிகளை உடைத்தனர். மறு ஆண்டு, பொறி உடைப்போர்க்குத் தூக்குத்தண்டனை விதிக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் எதிர்த்துரைத்தார். எனினும் அது சட்டமாயிற்று.

பொறியைப் பழிப்பது நம் கருத்தன்று. லீ கண்ட கண்ணித் தத்துவமே நம் திருப்பூர்ப் பனியனிலும் லூதியானாக் கம்பளிச் சட்டையிலும் வாழ்கின்றது; பல்லாயிரவர்க்குச் சோறு போடுகின்றது. ஆனால் கடையிற் குறைந்த விலைக்குப் போர்வை கிடைக்கையில், பல மாதம் கண்ணோகப் பின்னுவானேன் என இளையோர் வினவுகின்றனர். விலையை மட்டும் கணக்கிட்டால் அவர் கூற்றே சரி. ஆயினும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்த நாம், இந்நகரின் குளிரைத் தாங்கக் கற்றது அயலார் ஒருவர் தம் ஊசியை நம் கையில் வைத்து, விரல் பிடித்துப் பழக்கியதால் அன்றோ? அவ்வுறவைக் கடை விற்பதில்லை.

ஆதலின் இக்குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணுக்கும், தவறாமல் ஒரு பையனுக்கும், சீதாவும் உல்டாவும் கற்பிப்போமாக. முதற் போர்வை கோணலாயினும் குற்றமில்லை. பாட்டியின் தோளுக்கு அது பொருந்தும்.