பெட்டியும் குரலும்



வானொலியில் நாம் கேட்கும் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்பது பாதி உண்மையே. மறுபாதி, அதைத் தாங்கும் பெட்டியில் இருக்கிறது. இதை நான் ஒரு தவறு செய்தே கற்றேன்.

1986ஆம் ஆண்டு, ஆம்பூரில் இளம் ஆசிரியனாக இருந்த எனக்குப் பழைய ஒலிபெருக்கி ஒன்று கிடைத்தது. காகிதக் கூம்பு, அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஆட்டுத்தோல். தோல் பதனிடும் ஊர்க்காரனுக்கு அதைக் கண்டதும் மகிழ்ச்சி. மாணவர் உதவியோடு ஒரு முழ உயரத்தில் அழகிய தேக்குப்பெட்டி செய்து, பின்புறத்தையும் இறுக மூடினோம். பாடவிட்டால், பானைக்குள்ளிருந்து வருவது போன்ற முழக்கமே கேட்டது! ஒலிபெருக்கி பழுது என்று தீர்ப்பளித்துப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

குற்றம் யாருடையது? வரலாறு விடை கூறும்.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31இல் ஒலிபரப்பத் தொடங்கியது. அந்நாளில் ஒலிபெருக்கி என்றால், நாகசுரத்தின் அணைசு போல விரிந்த குழலே. மறு ஆண்டு அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தத்தினிடையே அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் கூம்பைச் செப்பம் செய்து வெளியிட்டனர். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று தளர்கிறது. தடுப்பு இல்லையேல் முன்னலையும் பின்னலையும் விளிம்பில் கலந்து ஒன்றையொன்று அழிக்கும். வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 3.4 மீட்டர்! ஆகவே தாழ்ந்த சுரங்களுக்கு அகன்ற பலகை வேண்டும்.

பின்புறத்தை மூடிவிட்டால் என்ன? அடைபட்ட காற்று வில்லாகி எதிர்த்துத் தள்ளும். 50 அதிர்வில் இயல்பாக ஆடும் கூம்பு, அதன் தளர்ச்சிக்குச் சமமான காற்றளவுள்ள பெட்டியில் ஏறத்தாழ 70க்கு உயர்ந்துவிடும். பெட்டி இன்னும் சிறிதானால் இன்னும் உயரும். காந்த வலிமை குறைந்த பழைய ஒலிபெருக்கிக்கு அந்த ஆட்டத்தை அடக்கும் ஆற்றலும் குறைவு. அதுவே நாங்கள் கேட்ட முழக்கம்.

பெட்டியில் அளவான துளையிட்டுப் பின்னலையையும் பயன்படுத்தும் முறைக்குத் தூராஸ் என்பவர் 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் வில்ச்சர், சிறிய மூடிய பெட்டிக்கென்றே மிகத் தளர்ந்த கூம்பை அமைத்தார். 1961இல் ஆஸ்திரேலியரான தீல், ஒலிபெருக்கியின் இயல்பதிர்வு, அடங்கும் தன்மை, தளர்ச்சி ஆகிய மூன்றையும் அளந்து, துளையிட்ட பெட்டியைக் கணக்கிட்டே வகுக்கலாம் எனக் காட்டினார்.

இவற்றைப் பின்னாளில் படித்தபோது நான் வெட்கினேன். எங்கள் பெட்டியின் முதுகுப்பலகையைக் கழற்றி, அகன்ற பலகை ஒன்றில் பொருத்தியிருந்தால் அந்தக் கூம்பு நன்கு பாடியிருக்கக்கூடும். எங்கள் ஊர்த் தொழிலாளர் ஆட்டுத்தோலுக்கும் எருமைத்தோலுக்கும் ஒரே பக்குவம் செய்வதில்லை. தோலைத் தடவிப் பார்த்தே முறையைத் தீர்மானிப்பார்கள். அவர்கள் நடுவே வாழ்ந்தும் நான் ஒலிபெருக்கியை அளக்காமல் பெட்டியை அறுத்தேன்.

நண்பர்களே, பழைய கருவி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் அதன் இயல்பை அளந்தறியுங்கள்; பிறகு மரத்தை அறுங்கள்.