ஏழாயிரம்பண்ணை: ஊரும் எல்லையும்

ஊர் வரலாற்றை ஆராயப் புகுவோர், இன்றைய மாவட்ட எல்லையையே பண்டைய எல்லையாகக் கொள்ளுதல் பொருந்தாது. இதற்கு ஏழாயிரம்பண்ணை தக்கதொரு சான்றாகும்.

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தில், வைப்பாற்று வடிநிலத்துக் கரிசற் பரப்பில் இவ்வூர் அமைந்துள்ளது. 'பண்ணை' என்னுஞ் சொல் விளைநிலத்தைக் குறிப்பது. இந்நிலமோ வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் மானாவாரி நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் உழவு கைகொடாமையே, இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்குரிய காரணங்களுள் ஒன்று.

முன்னர் இவ்வூர் திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களுள் ஒன்றன் தலைமையிடமாக விளங்கிற்று. இதன் பாளையக்காரர் பாஞ்சாலங்குறிச்சியோடு அணிசேர்ந்தார். 1799-இல் மேஜர் பானர்மன் தலைமையில் வந்த கும்பினிப் படை கட்டபொம்மனை வென்றபின், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி ஆகியவற்றுடன் ஏழாயிரம்பண்ணைப் பாளையமும் பறிமுதல் செய்யப்பட்டது.

1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, திருநெல்வேலியைச் சேர்ந்திருந்த சாத்தூர் வட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் தோன்றிற்று. இவ்வாறு ஊர் பெயராதிருக்க, எல்லை இருமுறை பெயர்ந்தது.

ஆகவே, இவ்வூரின் பாளையக்காலச் செய்திகளை, கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் அம்மாவட்டப் பழைய ஆவணங்களிலுமே முதற்கண் தேடுதல் வேண்டும் என்பது நம் கருத்து. இன்றைய மாவட்டப் பெயரின்கீழ் மட்டும் தேடுவோர்க்கு, 1799-இல் தன் நிலத்தை இழந்த ஒரு பாளையம் கண்ணிற்படாமலே போகும்.