உள்கருவின் எல்லையும் தில்லியின் இருப்பிடமும்

தில்லியின் நிலநடுக்கப் பதிவுகளை இமயத்தின் அதிர்வுகளுக்காகவே பேணுகிறோம் என்பது பொதுக் கருத்து. அவற்றின் அரிய பயன் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் எழும் நடுக்கங்களைக் கொண்டு புவியின் உள்கருவைப் படிப்பதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

ஏறத்தாழ 5150 கி.மீ. ஆழத்தில் உருகிய இரும்பு உறைந்து திண்மமாகிறது. இந்தத் திண்ம உள்கரு இருப்பதை 1936இல் இங்கே லேமன் அலைப்பதிவுகளிலிருந்து உய்த்துணர்ந்தார். (புவிக்கு ஒரு கரு உண்டு என்று 1906இல் காட்டிய ஓல்டாம், 1897 அசாம் நடுக்கத்தை ஆராய்ந்து பெயர்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர்.) உள்கருவின் எல்லையைக் கடக்கையில் அழுத்த அலையான பி அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 10.4 கி.மீ.யிலிருந்து 11.0 ஆகிறது.

நடுக்க மையத்திலிருந்து ஏறக்குறைய 147 முதல் 153 பாகை வரையிலான தொலைவுச் சாளரத்தில் இரண்டு பி அலைகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. டிஎஃப் கிளை உள்கருவை ஊடுருவி வருவது. பிசி கிளை வெளிக்கருவின் அடித்தட்டில் வளைந்து திரும்புவது. புவியோட்டிலும் மூடகத்தின் பெரும்பகுதியிலும் இவற்றின் பாதைகள் நெருங்கியே செல்வதால், மையத்தைக் கணிப்பதில் நேரும் பிழைகள் இடைவெளியைக் கணக்கிடும்போது பெரிதும் கழிந்துவிடும். மிஞ்சும் சில நொடி இடைவெளியில் கருவின் செய்தி இருக்கிறது.

1960களின் உலகத் தரப்படுத்திய நிலநடுக்கப் பதிவு வலையமைப்பில் தில்லி, ஷில்லாங், புனே, கொடைக்கானல் நிலையங்கள் இருந்தன. என் கணக்கில் சாந்தியாகோவிலிருந்து தில்லி 152 பாகை, ஷில்லாங் 163, புனே 145, கொடைக்கானல் 143. நடுச்சிலிக்கு அந்தச் சாளரத்துள் விழுவது தில்லி ஒன்றே. வடசிலியின் இக்கிக்கே (149), பெருவின் லிமா (151) ஆகியவையும் தில்லிக்கு வாய்ப்பானவை. சாந்தியாகோ–தில்லிப் பாதையின் நடுப்புள்ளி அங்கோலாவுக்கு மேற்கே அட்லாண்டிக்கின் அடியில் அமைகிறது. உள்கருவின் மேற்பகுதியில் கிழக்குப் பாதி வேகமானது, மேற்குப் பாதி மந்தமானது என்று 1997இல் தனகாவும் ஹமாகுச்சியும் காட்டினர். நம் பாதை மேற்கில் விழுகிறது. ஆகவே முதலில் வரும் டிஎஃப் சற்றுப் பிந்தவேண்டும், பிசியுடனான இடைவெளி குறுகவேண்டும். சோதிக்கத் தக்க எதிர்பார்ப்பு இது.

மறுப்புகள் உண்டு. டிஎஃப்பின் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸை ஒட்டியது. நகர இரைச்சலும் யமுனை வண்டலும் அதை விழுங்கக்கூடும். தில்லி ரிட்ஜ் மேட்டின் குவார்ட்சைட் பாறை இதற்கு ஓரளவே பரிகாரம். அதைவிடக் கடினமான மறுப்பு வேறு: மூடகத்தின் அடியில் இரு பாதைகளும் சற்று விலகுவதால், அங்குள்ள வேக வேறுபாடு உள்கருவின் பெயரில் பதிவாகலாம். மேலும் டிஎஃப் எல்லைக்கு வெகு கீழே சென்று திரும்புகிறது. எல்லையின் தோலை மட்டும் அது படிப்பதில்லை. ஒரே நிலையத்தை நம்பி முடிவு சொல்ல இயலாது, பிற நாடுகளின் நிலையங்களோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

ஆனாலும் தில்லியின் பழைய ஒளிப்படப் பதிவுத் தாள்களை ஒதுக்க இவை காரணமாகா. குறுங்கால அலைத்தாள் நிமிடத்துக்கு 60 மி.மீ. நகர்ந்தது; அரை நொடிப் பிந்தல் அதில் அரை மில்லிமீட்டர், உருப்பெருக்கியில் அளக்கக்கூடியது. எண்மமாக்குவதானால் சிலி, பெரு நடுக்கங்களில் 5.5 முதல் 6.5 வரை அளவுள்ளவற்றின் குறுங்காலச் செங்குத்துத் தாள்களிலிருந்து தொடங்கலாம். பெரிய நடுக்கங்களில் மூலமே நீண்டு அதிர்வதால் இரு கிளைகளும் கலந்துவிடும்.