யானின் மகன்

ஹாலந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் எது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. 2007ஆம் ஆண்டின் மக்கள் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கில் 'டி யோங்' முதலாவதாக நிற்கிறது. இளையவன் என்று பொருள். ஏறக்குறைய 84,000 பேர். அடுத்தது 'யான்சன்', சுமார் 73,500. ஆனால் நடுவில் இன்னொரு 'எஸ்' போட்டு 'யான்ஸ்ஸன்' என்று எழுதிக்கொள்பவர்கள் 54,000 பேர் தனியாக இருக்கிறார்கள். இவர்களையும் சேர்த்துக்கொண்டால் இளையவன் கீழே இறங்கிவிடுகிறான். இரட்டை எஸ் பெரும்பாலும் தெற்கில், லிம்பர்க் பக்கம். டின்டின் சித்திரக்கதைகளில் மீசையின் வளைவில் மட்டும் வித்தியாசப்படும் இரண்டு துப்பறியும் அசடுகள் வருவார்கள். டச்சு மொழிபெயர்ப்பில் அவர்களுக்கு யான்சன், யான்ஸ்ஸன் என்றே பெயர். மொழிபெயர்த்தவர் தன் ஊரை அறிந்தவர்.

அர்த்தத்தில் மர்மம் ஏதுமில்லை. யான் என்பவரின் மகன், அவ்வளவுதான். டச்சில் 'ஜே' எழுத்துக்கு யகர ஒலி. (நம் பழைய தன்மைச் சொல்லோடு இது ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். கவிதை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.) யோஹானஸ் என்பதன் குறுக்கம் யான், நம் பைபிளின் யோவான், இங்கிலீஷ்காரரின் ஜான், ருஷ்யரின் இவான் எல்லாம் ஒரே எபிரேய மூலத்திலிருந்து வந்தவை. ஞானஸ்நானம் கொடுத்தவர், சுவிசேஷம் எழுதியவர் என்று இரண்டு பெரிய யோவான்கள் இருந்ததால், மத்தியகாலத்தின் பிற்பகுதியில் பழைய ஜெர்மானியப் பெயர்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு இது பெருகிற்று. பெருகிப் பெருகி, பெயராக இருப்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டது என்று சொல்லலாம். 'தொப்பிக்கார யான்' என்றால் டச்சுக்காரருக்குச் சாமான்யத் தொழிலாளி. சராசரி வருமானக்காரருக்கும் ஒரு யான் உண்டு, 'யான் மோடால்'. நம் குப்பன் சுப்பன் போல.

'ஸோன்' என்றால் மகன். யானின் மகன் பீட்டர், பீட்டர் யான்ஸ்ஸோன். எழுதும்போது சோம்பலில் 'யான்ஸ்' என்று இசட்டோடு நிறுத்தி ஒரு புள்ளி வைப்பார்கள். பேச்சில் அது தேய்ந்து யான்சன் ஆயிற்று. ஸீலாந்துக்காரர்கள் கடைசி 'ன்'னையும் விழுங்கிவிட்டு 'யான்ஸ' என்றார்கள். இதில் முக்கியமான விஷயம், பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. பீட்டர் யான்ஸின் மகன் கிளாஸ், அவன் கிளாஸ் பீட்டர்ஸ். ஓவியர் வெர்மீரின் அப்பா டெல்ஃப்ட் நகரில் ரெய்னியர் யான்ஸ். முறைப்படி வெர்மீர் ஒரு ரெய்னியர்ஸ். ரெம்பிராண்ட் ஹார்மன்ஸ் வான் ரைன் என்றால் ஹார்மன் மகன், ரைன் நதிக்கரையான். தன் பெயர், அப்பன் பெயர், இடத்தின் பெயர். இதைத் திருப்பிப் போட்டால் சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா. நமக்கு இது விளங்குவதுபோல ஓர் இங்கிலீஷ் விமர்சகருக்கு விளங்காது. யான்ஸ் என்பது அந்நாளில் ஒரு பட்டம் அல்ல, ஒரு வாக்கியம். அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க முடிந்தது.

வாக்கியம் ஊருக்குள் செல்லுபடியாகும். அங்கே யானையும் தெரியும், மகனையும் தெரியும். சந்தையில் என்ன ஆயிற்று என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் வரைபடக்காரர் ஒருவர் சாட்சி. 1571இல் பிறந்த வில்லெம் யான்ஸ், டேனிஷ் வானியலாளர் டீக்கோ பிராஹேயிடம் பயின்றவர். உலக உருண்டையும் கடல்வழிப் படங்களும் செய்து துறைமுகக் கரையில் கடை வைத்தார். பிரதிகளில் லத்தீனில் 'யான்ஸ்ஸோனியஸ்' என்று போட்டுக்கொண்டார். அதே வட்டாரத்தில் இன்னொரு படக்கடை. அதன் முதலாளியும் ஒரு யானின் மகன், லத்தீனில் அவரும் யான்ஸ்ஸோனியஸ். முதல்வருக்குப் பேர் வாங்கித் தந்த கடல்வழி நூலை 1620இல் இரண்டாமவர் தானே அச்சிட்டு விற்றார். வாங்குகிற மாலுமிக்கு இரண்டும் யான் மகன் சரக்கு. 1621 வாக்கில் முதல்வர் தாத்தாவின் பட்டப் பெயரான 'நீல வில்லெ'மைத் தோண்டியெடுத்து, தன் பெயரோடு 'ப்ளாவ்', அதாவது நீலம், என்று ஒட்டிக்கொண்டார். அவர் மகன் வில்லெம்ஸ் ஆகவில்லை. யோவான் ப்ளாவ் ஆகி, 1662 முதல் வெளிவந்த அந்தப் பெரிய அட்லஸை நீலப் பெயரிலேயே போட்டார். பெயரை நிறுத்திவைத்தது நெப்போலியன் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. சர்க்கார் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே வியாபாரம் அதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

இஸங்களில் நமக்குள்ள மோகத்தை முன்னிட்டு இன்னொரு யான்சனையும் சொல்ல வேண்டும். கொர்னேலியஸ் யான்சன், 1585இல் லேர்டாம் ஊரருகே பிறந்து ஈப்ர நகரத்து பிஷப்பாக 1638இல் இறந்தவர். அவர் அகஸ்டீன் பற்றி எழுதிய பெருநூல் இறந்த பிறகு 1640இல் வெளிவந்தது. மனிதனின் மீட்சி அவன் முயற்சியில் இல்லை, அருளில் இருக்கிறது என்ற அந்த வாதத்தைப் பிரான்ஸில் போர் ரோயால் மடம் பிடித்துக்கொண்டது. பாஸ்கல் அதற்காகக் கடிதங்கள் எழுதினார். ரோம் கண்டித்தது. யான்ஸனிஸம் என்று பெயராயிற்று. அப்பா யான், ஓட்டோ என்பவரின் மகன். ஐரோப்பிய இறையியலில் ஒரு நூற்றாண்டுச் சண்டைக்கு உண்மையில் இடப்பட்டிருப்பது அந்த ஊர்க்காரரின் பெயர்.

1810இல் ஹாலந்து பிரான்ஸோடு சேர்க்கப்பட்டது. 1811 ஆகஸ்ட் 18ஆம் தேதி உத்தரவுப்படி குடும்பப் பெயர் இல்லாதவர்கள் மேயர் முன்னால் போய் ஒரு பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். படைக்கு ஆள் பிடிக்கவும் வரி போடவும் ஓடுகிற பெயர் உதவாது. டச்சுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேலிப் பெயர்களைக் கொடுத்தார்கள், பிரெஞ்சுக்காரர் போனதும் போய்விடும் என்று நினைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உதாரணத்துக்கு எப்போதும் 'நாக்ட்ஹெபோரன்', நிர்வாணமாய்ப் பிறந்தவன், என்ற பெயரைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் 1811க்கு வெகு முன்பே ஏடுகளில் இருக்கிறது. தோற்றவர்களுக்கு இப்படி ஒரு கதை தேவைப்படுகிறது போலும். வடக்கு மாகாணங்களில் இழுபறி நீடித்தது, 1825இல் அரசர் வில்லெம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. எப்படியோ சக்கரம் நின்றது. நின்ற கணத்தில் எந்த வீட்டில் அப்பன் யானாக இருந்தானோ அந்த வீடு என்றென்றைக்கும் யான்சன். இன்று வெளிநாடு போகும் நம்மவர்கள் பாரத்தின் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். அதையே பேரனும் தூக்கிக்கொண்டு திரிகிறான். நடப்பது இதேதான்.

பெண்களுக்கு நேர்ந்ததை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஓடுகிற பெயரில் அவர்களுக்குத் தனி ஈறு இருந்தது. 'டோக்தர்', மகள். கல்யாணமான பிறகும் அவள் யானின் மகளாகவே ஏட்டில் இருப்பாள். பெயர் உறைந்தபோது மகள் என்ற சொல் உதிர்ந்துபோய், அவளும் ஒரு மகன் ஆனாள். தாயின் குடும்பப் பெயரைக் குழந்தைக்கு வைக்கலாம் என்று சட்டம் வர 1998 ஆயிற்று. இரண்டையும் சேர்த்து வைக்க 2024.

பெருவழக்கு என்பதைப் புகழ் என்று எடுத்துக்கொள்வது தவறு என்று நினைக்கிறேன். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டத்தான் பெயர். நூற்று முப்பது பேரில் ஒருவர் யான்சனாகவோ யான்ஸ்ஸனாகவோ இருக்கும் நாட்டில் அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை. வேலை செய்த பெயர்கள் எல்லாம் அரிதாகவே இருக்கின்றன.

சக்கரம் நிற்பதற்கு முன்பே கம்பெனிக் கப்பல்களில் ஏறிப் போய்விட்ட யான்ஸ்கள் உண்டு. இலங்கைக் கரையோரம் 1796 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே தங்கிவிட்டவர்களின் சந்ததியான பறங்கியரிடையே இன்றும் இசட்டோடு முடியும் யான்ஸ் என்றே பெயர் இருக்கிறது. 'ஸோன்' வரவில்லை, 'சன்' ஆகத் தேயவும் இல்லை. குமாஸ்தாவின் சுருக்கெழுத்தே பெயராகிவிட்டது. புள்ளி மட்டும் விழுந்துவிட்டது. 1956இன் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தக் கண்டத்தில் கால் வைத்ததாக ஏட்டில் பதிவான முதல் ஐரோப்பியர், 1606இல் 'டைஃப்கன்' என்ற சிறு கப்பலில் வந்தவர். அவர் பெயரும் வில்லெம் யான்ஸ். ஆம்ஸ்டர்டாமில் படக்கடை வைத்திருந்தவர் அல்ல, வேறொருவர்.