மூன்றாம் நாள் பாலும் ஆறாம் மாதச் சோறும்

பெங்களூர் வைட்ஃபீல்டில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும், மாட்டுப்பெண் அல்லது பெண்ணின் பிரசவத்துக்காக மயிலாப்பூரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பாட்டிமார்கள் சிலரையாவது பார்க்கலாம். அவர்கள் பெட்டியில் மூன்று சாமான்கள் நிச்சயம் இருக்கும்: பிரசவ லேகிய டப்பா, உரை மருந்துப் பொட்டலம், வெள்ளிப் பாலாடை. குழந்தை டாக்டரோ தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு ஜலம்கூடக் கூடாது என்கிறார். இதில் யார் சொல்வது நம் சம்பிரதாயம் என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் கொடுத்த சுமார் 3,900 ஏக்கர் நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் விவசாயம் செய்து வாழ ஏற்பட்ட குடியிருப்பு இது. அதற்குப் பாடுபட்ட டி.எஸ். ஒயிட் என்பவர் பெயரே ஊர்ப்பெயர். நம்மவர்களில் பலருக்கு சாயிபாபாவின் பிருந்தாவன் ஆசிரமத்தால்தான் இந்த ஊர் முதலில் தெரியும். 1990களின் கடைசியில் டெக் பார்க் வந்தபின் இளம் தம்பதிகள் குடியேற, பின்னாலேயே பாட்டிகளும் வந்தார்கள்.

இனி சாஸ்திரத்துக்கு வருவோம். பிறந்த சிசுவின் நாக்கில் தேனும் நெய்யும் தொட்டு வைப்பது ஜாதகர்மாவின் அங்கம். அதன் பிறகு எப்போது தாய்ப்பால் என்பதில் நம் வைத்திய ஆசாரியர்களே ஒத்துப்போகவில்லை. சரகர் அந்தக் கர்மா முடிந்த கையோடு வலது ஸ்தனத்தைக் கொடுக்கச் சொல்கிறார். சுச்ருதரோ மூன்று நான்கு இரவு கழித்துத்தான் பால் இறங்கும், அதுவரை தேனும் நெய்யும் கொடு என்கிறார். நம் அகங்களில் நின்று நிலைத்தது சுச்ருதர் கட்சி. முதல் மூன்று நாள் சுரக்கும் மஞ்சளான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டிய வீடுகள் ஏராளம்.

இதில் ஒரு வேடிக்கை. பசு கன்று போட்டால் அதன் சீம்பாலை யாரும் கொட்டுவதில்லை. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேக வைத்து அண்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். கன்னடக்காரர்கள் இதையே கிண்ணு என்று ருசித்துச் சாப்பிடுகிறார்கள். பசுவின் சீம்பாலில் கண்ட சத்தைப் பெற்றவளின் சீம்பாலில் காணவில்லை! நோயைத் தடுக்கும் சக்தி நிறைந்திருப்பது அந்த முதல் சில நாள் பாலில்தான் என்பதை இன்று எந்த நர்ஸும் சொல்வாள். தேன் விஷயமும் அப்படியே. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம் என்பது 1970களில் தெரியவந்தது.

பத்தியத்திலும் ஒரு குறை உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் நெய்யும் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்தார்களே, அது பால் கொடுப்பவளுக்குச் செய்த அநியாயம்.

எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிடவும் முடியாது. பால் கட்டிக்கொண்டு வலி எடுத்தால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துக் கைவைத்தியம். வேலூர் டாக்டர்கள் இதை புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மல்லிகையும் பால் சுரப்பைக் குறைக்கவே செய்தது. பாலாடைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு பாட்டில், கோப்பை, பாலாடை மூன்றிலும் புகட்டிப் பார்த்து 1999இல் வெளியான ஆய்வில் பாலாடையே முந்தியது. இன்று பல ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகள் வார்டுகளில் அது இருக்கிறது.

இடையில் டப்பாப் பாலின் காலம் ஒன்று வந்து போனது. கிளாக்ஸோ 1920களிலேயே இந்தியாவில் விற்பனையானது. கொழுகொழு குழந்தையின் படம் போட்ட டின், படித்த குடும்பத்தின் அடையாளமாயிற்று. அதிலும் உத்தியோக நிமித்தம் பம்பாய், டில்லி, கல்கத்தா என்று போன நம்மவர்கள் அதை முதலில் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. தாயார் கிராமத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, டின்னின் மேல் அளவு அச்சிட்டிருந்தது.

இறக்குமதியை நம்பாமல் நம் எருமைப்பாலிலேயே குழந்தை உணவு செய்யும் வழியைக் கண்டவர்கள் மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. விஞ்ஞானிகள். செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு அப்போது இயக்குநர் டாக்டர் வி. சுப்ரமணியன். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், சிசுவுக்குச் செரிக்காது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்த காரியம் அது. அமுல் 1960வாக்கில் அதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. விஞ்ஞான சாதனை என்ற வகையில் பெருமைதான். தாயில்லாத குழந்தைக்கு அது உயிர் காத்தது. தாய் இருந்தும் டின்னை வாங்கியதுதான் வினையாயிற்று.

அந்த வினையை முதலில் உரக்கச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய உரைக்குத் தலைப்பே பாலும் கொலையும் என்பது. அசுத்தத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்த பாலால் குழந்தைகள் மடிவதைக் கொலை என்றே அவர் சொன்னார். உலக சுகாதார மாநாடு விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவர 1981 ஆயிற்று. 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். இந்தியா 1992இல் சட்டமே இயற்றியது. டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது என்று வந்தது அதில்தான்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள், 1992-93 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. 2019-21இல் அது 42 ஆகியிருக்கிறது. சுச்ருதர் கட்சி மெல்லத் தோற்றுவருகிறது என்று சொல்லலாம். ஆனால் அதே சுச்ருதர் அன்னப்ராசனத்துக்கு ஆறாம் மாதம் என்றார். மனுவும் அதையே சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வந்து நின்றதும் அதே ஆறு மாதத்தில். நான்காம் மாதமே கஞ்சி கொடு என்று நடுவில் சொன்னதெல்லாம் டாக்டர்கள்தான், பாட்டிகள் இல்லை.

வைட்ஃபீல்டுப் பெண்களுக்குப் பிரச்சினை இந்த ஆறு மாதத்தில்தான். பிரசவ விடுப்பை 2017இல் 26 வாரமாக்கினார்கள். கணக்குப் போட்டால் ஆறு மாதம், பொருத்தம் சரி. ஆனால் உடம்பு முடியாமல் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டவளுக்குப் பிறகு கிடைப்பது 18 வாரம், அதாவது நான்கு மாதமும் கொஞ்சமும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலை நெரிசலில் யார் தினமும் போவது?

ஆகவே பல அகங்களில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. அம்மா காலையில் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை. அதை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றி, கொதிக்க வைத்துத் துடைத்த வெள்ளிப் பாலாடையில் பாட்டி புகட்டுகிறாள். உரை மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பூஜை அலமாரியில் இருக்கிறது. குருவாயூரில் சோறூட்ட நாள் பார்த்தாகிவிட்டது.